விழுந்தவனின் இடம்

தனாசிஸ் ஒரு கதிரையில் முழுதாக அமர்ந்ததை யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் ஒரு கால் மேசைக்கு வெளியே, எழும்பத் தயாராக நிற்கும். தொலைபேசி வந்தால் சமையலறையிலிருந்து பல்கனி, பல்கனியிலிருந்து சமையலறை. மனைவி பிறேமா புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார்: "இப்ப ஆருக்குப் பதிலா இறங்கப்போறீங்கள்?"

இந்தப் பங்குனியில் அவர் இறந்தார். இதயம். நாற்பத்து மூன்று வயது. முன்னறிகுறி எதுவும் இருக்கவில்லை. அல்லது இருந்தது, யாரும் அளக்கவில்லை.

அவர் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர். பெயரைச் சொன்னால் தெரியாது. கிரேக்கத்தில் வோலோஸ் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவர். தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். பத்தொன்பதாவது வயதில், ஒரு பையுடனும் ஒரு சோடி பூட்ஸுடனும் ஜெர்மனிக்கு வந்தார். அதற்குப் பிறகு மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்கள். மழை பெய்தால் பாதி ஆட்கள் வீட்டிலேயே நின்றுவிடும் மைதானங்கள்.

வோலோஸில் அவரை மத்தியகள வீரர் என்று வளர்த்தார்கள். முன்கள வீரர்களுக்குச் சற்றுப் பின்னால், நடுவில், ஆட்டம் பிறக்கிற இடம். ஜெர்மனியில் அந்த இடத்தில் மூன்று கிழமைதான் நின்றார். வலது பின்கள வீரனுக்கு முழங்கால் திரும்பியது. பயிற்றுநர் மாற்று வீரர்கள் இருந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தார். அங்கே முதலில் எழும்பி நின்றவர் தனாசிஸ். நடந்தது அவ்வளவுதான். மீதிக் காலம் முழுக்க அதிலிருந்து பிறந்தது.

பிறகு இடது பின்களம். பிறகு நடுப் பின்களம். இரண்டு ஓரங்களும். ஒருமுறை கோல் காப்பாளர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போக, மாற்று வீரர்களும் முடிந்துபோக, கையுறையை மாட்டிக்கொண்டு கோல் கம்பத்துக்கு நடுவே நின்றார். எந்தக் கழகத்துக்குப் போனாலும் உள்ளூர்ப் பத்திரிகை அவரைப் பற்றி ஒரே வசனத்தைத்தான் எழுதும்: எங்கும் பொருந்துகிறவர். எல்லாத் துளைக்கும் பொருந்துகிற திருகாணி எந்தத் துளையிலும் இறுகி நிற்காது. அதை யாரும் எழுதவில்லை.

அவருடைய உடம்பில் ஒரு பழக்கம் இருந்தது. மைதானத்தில் யாராவது விழுந்தால், வைத்தியர் ஓடுவதற்கு முன், பயிற்றுநர் திரும்புவதற்கு முன், தனாசிஸ் எழும்பி நிற்பார். மேற்சட்டையின் சிப் பாதி இறங்கியிருக்கும். யாரும் காயப்பட வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. விழுந்தவனுக்காக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேதான் எழும்புவார். ஆனால் எழும்புவார். விழுந்தவன் சுகமாகித் திரும்பி வந்தால் அவர் மறுபடியும் வாங்கில். கோடையில் ஒப்பந்தம் முடியும். வேறொரு நகரத்தில் வேறொருவன் விழுந்திருப்பான்.

பிறேமாவைப் பான் நகரத்தில் சந்தித்தார். கணுக்கால் வீங்கியிருந்த நேரம். இயன்மருத்துவ நிலையத்தில் நாட்குறித்துக் கொடுக்கும் வேலையில் பிறேமா இருந்தார். கணுக்கால் சுகமான பிறகும் தனாசிஸ் கிழமைக்கு ஒருமுறை போய் நின்றார். கால் சரியாகிவிட்டது, இனி என்னத்துக்கு வருகிறீர்கள் என்று பிறேமா ஜெர்மனில் கேட்டார். மற்றக் காலையும் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றார் தனாசிஸ்.

பிறேமாவின் தகப்பன் ஞானப்பிரகாசம் மன்னார்க் கரையோர ஊர்க்காரர். எண்பதுகளில் அகதியாக வந்தவர். அந்த ஊரில் பிள்ளை நடக்கப் பழகுவதும் பந்தை உதைக்கப் பழகுவதும் ஒரே நாளில். வெள்ளைக்காரன் என்று கேட்டதும் முகத்தைச் சுளித்தவர், உதைபந்தாட்டக்காரன் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டார். எந்த இடத்தில் விளையாடுகிறார் என்று மகளிடம் விசாரித்தார். எல்லா இடத்திலும் என்று பிறேமா சொன்னார். கிழவர் தலையை ஆட்டினார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார். என்றாலும் கலியாணத்துக்குச் சம்மதித்தார்.

தனாசிஸ் அந்த வீட்டில் தனா ஆனார். தமிழையும் அந்த வீட்டில்தான் படித்தார். கிரேக்க நாக்கில் மன்னார்த் தமிழ். கேட்டவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு எந்த ஊர் என்று கேட்பார்கள்.

கலியாணத்துக்குப் பிறகும் நகரங்கள் மாறின. இப்போது பெட்டி கட்டுவது பிறேமாவின் வேலை. இடையில் பிறந்த மகள் ஒவ்வொரு புதுப் பள்ளிக்கூடத்திலும் கடைசி வாங்கில் தொடங்குவாள். ரைன் நதிக்கரையில் ஒரு சிறு நகரத்துக்கு வந்தபோது பிறேமாவுக்கு அங்குள்ள வைத்தியசாலையில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று வருடப் படிப்பு. தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருந்து முதல் வருடத்தை முடித்தார். ஊசி போடுவது தண்ணீர்பட்ட பாடு. மருந்துகளின் ஜெர்மன் பெயர்கள்தான் தொண்டையில் சிக்கின. நடுவில் விட்டுவிட்டு வேறு மாநிலத்துக்குப் போனால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னார்: "இனி நான் பெட்டி கட்டமாட்டன். சொல்லிப்போட்டன்."

அந்த வருடம் தனாசிஸுக்கு முப்பத்து நான்கு வயது. நன்றாக விளையாடியிருந்தார். பருவம் சனிக்கிழமை முடிந்தது. இரண்டு வருட ஒப்பந்தம் தருவதாகக் கழகம் சொல்லியிருந்தது. அதுவரை எந்தக் கழகமும் அவரிடம் இரண்டு வருடம் என்ற சொல்லைச் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தியப் பரிசோதனை, அது முடியக் கையெழுத்து. பிறேமாவின் படிப்பு முடியவும் இரண்டு வருடம். கணக்குச் சரியாக இருந்தது.

நடுவில் ஒரு நாள் இருந்தது. பெந்தகோஸ்து திங்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த விடுமுறை நாளில் மன்னார், யாழ்ப்பாணக் கரையோர ஊர்க் கழகங்கள் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்துச் சுற்றுப்போட்டி நடத்தும். பூசையோடு தொடங்கி, கொத்துரொட்டிப் புகைக்குள் முடியும். ஊரில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் மட்டும்தான் ஊருக்காக இறங்கலாம். ஒரு விலக்கு உண்டு: மருமகன். ஊரில் பெண் எடுத்தவன் ஊரவன். எங்கே பிறந்திருந்தாலும் சரி. வைத்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலும் குருநகரிலும் சம்பந்தம் செய்தவர்களை நினைத்துத்தான் அந்த விதியை வைத்தார்கள். வோலோஸை யாரும் நினைக்கவில்லை.

ஞானப்பிரகாசம் ஊர்க் கழகத்தின் தலைவர். தொழில்முறை வீரன் தன் கழகத்துக்கு வெளியே விளையாடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறையும் மருமகனைக் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் தோற்ற பிறகு மருமகனின் கால்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதனால் அன்று காரை நிறுத்தியதுமே பிறேமா வாக்குக் கேட்டார். ஒரு காலும் புல்லில் வைக்கமாட்டேன் என்று தனாசிஸ் சொன்னார். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னார்.

அந்த வருடம் ஊர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. தனாசிஸ் கோட்டுக்கு வெளியே, மடிப்புக் கதிரையின் நுனியில். முழங்கால்கள் தானாக ஆடின. எதிரூர்க்காரர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, ஊர் அணியின் தொந்திகளைக் காட்டி நக்கல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்கட ஆக்களுக்கு வண்டி முன்னுக்குப் போகுது, பந்து பின்னுக்கு நிக்குது."

"வண்டியாலயே ஒரு கோல் போட்டுக் காட்டுறம், பாருங்கோ."

ஒரு கோல் பின்னால் இருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில் மத்தியகளத்தில் ஜெயகாந்த் என்ற பொடியன் பந்தைத் துரத்திப் போய்க் கணுக்கால் மடங்கி விழுந்தான். எதிரூர்க்காரரும் நக்கலை நிறுத்தினார்கள்.

தனாசிஸ் நின்றுகொண்டிருந்தார். மேற்சட்டை கதிரையில் கிடந்தது. எப்போது எழும்பினார், எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பிறேமா மைதானத்தின் மறுகோடியில் தேநீருக்கு வரிசையில் நின்றார். ஞானப்பிரகாசம் மருமகனைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காகப் பின்னாளில் அவர் அதிகம் வருந்தினார்.

அணித்தலைவன் நிலக்ஷன் ஓடி வந்தான். பிறேமாவின் சித்தப்பா மகன். எழும்பி நிற்கிற ஆளைக் கண்டதும் அவன் முகம் விரிந்தது.

"அத்தான், எந்த இடத்தில விளையாட விருப்பம்?"

தனாசிஸ் அசையாமல் நின்றார். இத்தனை வருடம் இந்த நாட்டில் அவரிடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு இடம் சொல்லப்பட்டது. இன்றைக்கு நீ இங்கே. எந்த இடம் விருப்பம் என்ற கேள்வி இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம். நாளைக்குக் கையெழுத்து. அதுவும் தலையில் இருந்தது, தெளிவாகவே.

"நடுவில" என்றார்.

ஜெயகாந்தின் பூட்ஸை வாங்கி மாட்டினார். ஒரு அளவு சிறியது. எதிரூர் அணி மத்தியஸ்தரைச் சூழ்ந்துகொண்டது. இது என்ன ஞாயம், கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களா என்று கேட்டது. ஞானப்பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்ர மூத்த மகளின்ர புருசன். கோயில்ல கட்டினவர். உதில நிக்கிறார் கட்டிவைச்ச சுவாமி, கேளுங்கோ."

கூடாரத்தின் கீழ் நின்ற பங்குச் சுவாமியின் வாய் நிறைய ரோல்ஸ். தலையை மட்டும் ஆட்டினார். மத்தியஸ்தர் விசிலை ஊதினார்.

முதல் பந்து காலுக்கு வந்தபோது மைதானம் தெளிவாகத் தெரிந்தது. நடுவிலிருந்து பார்த்தால்தான் அப்படித் தெரியும்: எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில். இரண்டு பந்துகள் கொடுத்தார். மூன்றாவதில் கோல். சமன். பிறகு இடது பின்களத்தில் நின்ற மனிதர் மூச்சு வாங்கி முழங்காலில் கையூன்றினார். தனாசிஸின் கால்கள் அங்கே போய்விட்டன. "அத்தான், நடுவில நில்லுங்கோ" என்று நிலக்ஷன் கத்தினான். திரும்பி வந்தார். சற்று நேரத்தில் வலது பக்கம் ஓட்டை விழுந்தது. மறுபடியும் கால்கள் அங்கே. தான் கேட்டு வாங்கிய இடத்தில் தன்னால் நிற்க முடியவில்லை என்பது அவருக்கு ஓடும்போதே விளங்கியது. பந்து எங்கே என்று பார்ப்பதற்கு முன் அவருடைய கண் எவன் களைத்தான் என்று பார்த்தது.

கடைசி நேரத்தில் பிடிவாதமாக நடுவில் நின்றார். எங்கே ஓட்டை விழுந்தாலும் விழட்டும் என்று நின்றார். பந்து வந்தது. ஒரே திருப்பில் இரண்டு பேரைக் கழித்து நிலக்ஷனின் ஓட்டத்துக்கு முன்னால் போட்டார். அந்தத் திருப்பில் பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் உதைத்தார்கள். உதைத்தவனைப் பார்க்கத் திரும்பினார்.

பின்னால் ஒருவரும் இல்லை.

கோல் விழுந்த சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் அல்பேர்ட் அண்ணை, ஊர்க் கழகத்தின் செயலாளர், "எங்கட ஊர் மருமோன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொடியள் தனாசிஸைத் தூக்க வந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிறேமா வந்தார். கத்தவில்லை. முழங்காலிட்டு, கெண்டைக்காலை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் விரல் உள்ளே போனது. தசை கிழிந்திருந்தது.

"நாளைக்கு உங்களுக்கு டொக்டரிட்ட ரெர்மின்" என்றார். 

வீட்டுக்கு வந்து ஞானப்பிரகாசம்தான் பேசினார். படியில் தடக்கியதாகச் சொன்னால் என்ன, படியில் தடக்காத மனிதன் உண்டா, சின்னக் கிழிவுதானே, ஆறு கிழமையில் ஆறிவிடும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பேத்தி தொலைபேசியை நீட்டினாள். அல்பேர்ட் அண்ணை ஏற்கெனவே காணொளியைப் போட்டிருந்தார். தலைப்பில், தனாசிஸ் ஒருநாளும் விளையாடாத முதற்பிரிவில் அவரைச் சேர்த்திருந்தார். ஞானப்பிரகாசம் அல்பேர்ட்டுக்குப் போன் எடுத்து அழிக்கச் சொன்னார். அழிக்கவும் செய்தார்கள். படி என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது. தனாசிஸ் பிறேமாவைப் பார்த்தார். பிறேமா ஐஸ் பொதியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வைத்தியர் காலைத் தொடுவதற்கு முன் தனாசிஸ் உள்ளதைச் சொன்னார். கழக மேலாளர் அழைக்கப்பட்டார். எங்கே விளையாடினீர்கள் என்று கேட்டார். மனைவியின் ஊருக்காக என்றார் தனாசிஸ். அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மேலாளர் கேட்டார். மரியாதையான மனிதர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, காயத்துக்காக இல்லை, நம்பிக்கைக்காக என்றார். ஒப்பந்தம் இல்லை என்றார். கைகொடுத்தார். மாடியிலிருந்து இறங்க நிறைய நேரம் எடுத்தது.

கோடை தொடங்கியது. பிறேமா விடியற்காலைப் பணிக்கும் வகுப்புக்கும் போய்வந்தார். தனாசிஸ் வீட்டுக்குள் நொண்டி நடந்தார், பிறகு நொண்டாமல் நடந்தார், பிறகு ஆற்றோரம் ஓடினார். நிலவறையில் மடித்து வைத்திருந்த காட்போட் பெட்டிகளை ஒருநாள் வெளியே எடுத்தார், சுவரில் சாய்த்துப் பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். நகரப் பேருந்து நிறுவனம் சாரதிகளைப் பயிற்றி எடுப்பதாகப் பிறேமா ஒருமுறை சொன்னார். தனாசிஸ் ஆற்றோரம் ஓடப் போனார். பிறேமா இரண்டாம் முறை சொல்லவில்லை. மாலைகளில் தனாசிஸ் மருந்துப் பெயர்களைக் கேட்பார், பிறேமா சொல்வார். தவறாகச் சொன்னால் தனாசிஸுக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து தவறாகச் சொல்வார்கள்.

ஆடி மாதக் கடைசியில் முகவர் அழைத்தார். கிரேக்கர், பழைய ஆள். கிழக்கு ஜெர்மனியில் ஒரு கழகம். பருவம் தொடங்கப் போகிறது. ஒரு வருடம். வியாழக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும்.

தனாசிஸ் எழும்பிவிட்டார். பல்கனிக்குப் போனார், திரும்பினார், மறுபடியும் போனார். கெண்டைக்கால் சுகமாக இருந்தது. அதை ஒரு தரம் மடக்கிப் பார்த்தார். மேசையில் பிறேமா எலும்புகளின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஒரே பெயரையே திரும்பவும் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தன.

முகவர் சொல்லி முடித்துக் காத்திருந்தார். தனாசிஸ் கிரேக்க மொழியில் இரண்டு சொல் சொன்னார். முகவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். தனாசிஸ் அதே இரண்டு சொல்லை மறுபடியும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

"என்னவாம்?" பிறேமா புத்தகத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இடது பின்களத்தில ஆரோ விழுந்திட்டானாம்."

"அதுக்கு?"

"வேற ஆளைப் பாக்கட்டும்."

பிறேமா விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். தனாசிஸ் பக்கத்தில் வந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இருங்கோவன்" என்றார் பிறேமா.

"இருக்க ஏலாது. நடந்திட்டு வாறன்."

"போட்டு வாங்கோ. வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஆற்றோரம் போனார். நடக்கத்தான் போனார், ஓடினார். பாலம் வரை ஓடினார், அங்கே நின்று மூச்சு வாங்கினார், திரும்பி வீடு வரை வந்தார். வாசலைக் கண்டதும் மறுபடியும் பாலத்துக்கு ஓடினார். இருட்டும் வரை அதைத்தான் செய்தார். கடை பூட்டிவிட்டது. பால் வாங்கவில்லை. திங்கட்கிழமை பேருந்து நிறுவனத்துக்குப் போய், எப்போது தொடங்கலாம் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே இப்போதே என்றார்.

பிறேமா அந்தப் படிப்பை அந்த நகரத்திலேயே முடித்தார். மகள் ஒரே பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படித்தாள். தனாசிஸ் பேருந்து ஓட்டினார். கடைசித் தரிப்பில் மற்றச் சாரதிகள் கண்ணை மூடிச் சாய்வார்கள். அவர் இறங்கிப் பேருந்தைச் சுற்றி நடப்பார். ஒரே ஊரில் இருப்பது அவருக்கு ஒருநாளும் சுலபமாக இருக்கவில்லை. வேறு ஊருக்குப் போவதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.